இரண்டாம் பாகத்தில் ஒரு குரல்

அத்தியாயம் 14

மூன்றாவது கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது.

ஞாயிறு காலைப் பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் ஒரு தாளைப் பிரித்தார். காலஞ்சென்ற பேட்ரிக்கின் மனைவி மாடில்டாவுக்கும், கோலா குபு பாருவைச் சேர்ந்த, மனைவியை இழந்த காப்ரியலுக்கும் வருகிற சனிக்கிழமை திருமணம். இதற்கு விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார். இதே வாசகத்தைத்தான் மூன்று ஞாயிறாகப் படிக்கிறார். மூன்று ஞாயிறும் பின் பெஞ்சில் யாராவது தும்மினால்கூட மாடில்டா திரும்பிப் பார்த்தாள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. என்ன இருக்கிறது சொல்ல?

நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கோலசிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் கணக்குக் கிராணியாக இருந்த பேட்ரிக், எட்டு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் மாதம் இறால் பிடிக்கப் போகிறேன் என்று சம்பான் படகை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினான். சம்பான் கிடைத்தது. அதற்குள் ஒரு ஜோடி செருப்பு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் முடியும்வரை காத்திருந்து, கோர்ட்டில் நின்று, அப்புறம் ஆயர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, "இறந்தவராகக் கொள்ளலாம்" என்று இரண்டு இடத்திலும் கடிதம் வாங்குவதற்குள் மாடில்டாவுக்கு முன்தலை நரைத்துவிட்டது. வயது நாற்பதுதான்.

காப்ரியல் அதற்குப் பிறகு வந்தவர். மாவட்ட அலுவலகத்தில் வேலை, அதிகம் பேசாத மனுஷன். இந்த வயதில் என்ன கல்யாணம் என்று ஊர் கேட்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?  ஆனால் மாடில்டாவுக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். சாயங்காலம் வீட்டுக் கேட் திறக்கும் சத்தம் கேட்க வேண்டும், சாப்பிட்டியா என்று ஒருத்தர் கேட்க வேண்டும். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டாளே தவிர, தனக்குத் தானே மறைத்துக்கொண்டதில்லை.

பேட்ரிக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆபிஸில் கணக்கு எழுதுகிறவனுக்கு வாய்த்திருந்த குரல் இருக்கிறதே, அது வேறு ரகம். சனி ஞாயிறுகளில் ஷா ஆலாமில் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குப் போய் கார்ட்டூன் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பான். அப்படி அவன் பேசியதுதான் "நீர்நாய் நீலகண்டன்". மீன் திருடப் போய் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டு, "நான் சும்மா குளிக்க வந்தேன்" என்று கூசாமல் பொய் சொல்லும் ஒரு தொப்பை நீர்நாய். படம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் தாமான் குடியிருப்பில் பிள்ளைகள் விளையாட்டில் பிடிபட்டால் அந்த வசனத்தைத்தான் சொல்கிறார்கள்.

அந்த நீர்நாயின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. தியேட்டரில் வெளியாவதற்கு முன்னால், முதல் பாகத்துக்குக் குரல் கொடுத்தவர் ஊரில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் காட்டுகிறோம் என்று ஸ்டூடியோக்காரர்களே கேட்டு வாங்கிய நாள் இந்த ஞாயிறு, கோயில் மண்டபம், மத்தியானம் இரண்டு மணி.

மாடில்டாவுக்குப் போக மனமில்லை. மகள் நட்டாலிதான் பிடிவாதம் பிடித்தாள். பதினைந்து வயதுப் பெண். அப்பாவின் குரல் இல்லாத நீலகண்டன் எப்படி இருப்பான் என்று ஒருதரம் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றாள். மாடில்டாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. புது வாழ்க்கைக்குப் போகும் முன் பழையதை மூடி வைக்க வேண்டாமா?

மண்டபத்தில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் வேதக்காரப் பிள்ளைகளே இல்லை. கார்ட்டூனுக்கு எந்தச் சாமி என்ன சொல்லப் போகிறது? ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். மூன்று காற்றாடி சுற்றியும் உள்ளே மூச்சு முட்டியது. மாடில்டா நடு வரிசையில் மகளுக்கும் காப்ரியலுக்கும் இடையில் உட்கார்ந்தாள். பேட்ரிக்கின் அக்கா பெர்னடெட் அதே வரிசையின் கடைசி நாற்காலியில் இருந்தாள். பெர்னடெட் இல்லாவிட்டால் மாடில்டா இந்த எட்டு வருஷத்தைக் கடந்திருக்கவே மாட்டாள். தம்பி போன பிறகு தம்பி மனைவியைத் தங்கச்சியாக வைத்துக்கொண்டவள். சண்டை என்று ஒருநாள் இல்லை. தினசரிப் பூசை தவறாதவள், பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று பிள்ளைகளை மிரட்டுகிறவள்.

இரண்டாம் பாகங்களைப் பற்றி ஊருக்கே தெரிந்த சங்கதிதான். முதல் பாகத்தில் மெல்லச் சொன்ன ஜோக்கை இதில் கத்திச் சொல்வார்கள். ஒரு வில்லன் இருந்தால் இதில் மூன்று பேர் இருப்பார்கள். பெரியவர்கள் கொட்டாவி விடுவோம். பிள்ளைகள் அப்படி இல்லை. தெரிந்த ஜோக் திரும்ப வந்தால் அவர்களுக்கு வீட்டுக்கு உறவுக்காரர் வந்த மாதிரி.

விளக்கு அணைந்தது. திரையில் ஆறு வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து தொப்பை முதலில் எழும்பியது, அப்புறம் மீசை.

"நான் சும்மா குளிக்க வந்தேன்."

நூறு பிள்ளைகளும் கூரை அதிரச் சிரித்தார்கள். மாடில்டாவின் கை தானாகப் போய்க் காப்ரியலின் மணிக்கட்டைப் பிடித்தது.

அது பேட்ரிக்கின் குரல். அவனை மாதிரி இல்லை, அவனே. "குளிக்க" என்பதில் ஒரு சின்ன இழுப்பு, முடிக்கும்போது மூக்கால் விடுகிற மூச்சு. பத்து வருஷம் ஒரே பாயில் படுத்தவளுக்குத் தெரியாதா? நட்டாலி அம்மாவின் காதருகே குனிந்து, பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருப்பார்கள் என்றாள். மாடில்டா தலையை ஆட்டினாள். முதல் வசனம் பழையதுதானே, ஒட்டியிருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் நீலகண்டன் பேசிக்கொண்டே போனான். பட்டணத்துக்குப் போனான், புது வில்லன்களிடம் மாட்டினான், புதுப் புதுப் பொய்யாகச் சொன்னான். எல்லாம் முதல் பாகத்தில் இல்லாத வசனம். குரல் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. எட்டு வருஷம் கூடின ஒரு மனுஷனுக்குத் தடிப்பது போலத் தடித்திருந்தது. பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க மாடில்டா ஒவ்வொரு வசனத்தையும் காது கொடுத்துக் கேட்டாள்.

படம் முக்கால்வாசி ஓடியபோது பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக் காட்சி வந்தது. நீர்நாய் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகிறது. டப்பிங்கில் கூட்டக் குரல் என்று ஒன்று உண்டு. சந்தை, கல்யாணம் என்று வருகிற காட்சிகளில் பின்னால் கேட்கிற இரைச்சலுக்கு யாரும் வசனம் எழுதித் தருவதில்லை. பேச வந்தவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போவார்கள். பேட்ரிக் அந்த இரைச்சலுக்குள் வீட்டு ஆட்களை நுழைத்துவிடுவான். முதல் பாகத்தில் மீன் சந்தைச் சத்தத்துக்கு நடுவே, மாடில்டா வைத்த குழம்பில் உப்பு கம்மி என்று ஒரு குரல் கேட்கும். அன்றைக்குத் தியேட்டரில் அவள் ஒருத்திதான் அதற்குச் சிரித்தாள்.

இப்போது திரையில் சந்தை கடை கடையாக நகர்ந்தது. சத்தே இறைச்சி வாசனை என்று யாரோ கத்தினார்கள், பேரம் பேசினார்கள். அதற்கு அடியில், அவசரமே இல்லாமல் ஒரு குரல்.

"கண்ணாடிக்காரி நட்டாலி, நீலச் சட்டம் உனக்கு நல்லாத்தான் இருக்கு தங்கம்."

முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேர் திரும்பி, நட்டாலி அக்கா பேரு வருது என்று சந்தோஷமாகக் கூவினார்கள். நட்டாலி கண்ணாடியைக் கழற்றி மடக்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். நீலச் சட்டம் போட்ட கண்ணாடி. இரண்டு மாதத்துக்கு முன் டவுனில் வாங்கியது. அப்பா ஆற்றுக்குப் போனபோது அவளுக்கு ஏழு வயது, கண்ணில் ஒரு குறையும் இல்லை.

மாடில்டா ஏனோ வரிசையின் கடைசியைப் பார்த்தாள். பெர்னடெட் திரையைப் பார்க்கவில்லை. மாடில்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிவதற்குள் மாடில்டா வெளியே வந்துவிட்டாள். வாசலில் சிவானந்தம் நின்றிருந்தார். டப்பிங் முழுவதையும் நடத்துகிறவர் அவர், பேட்ரிக்கை அந்த வேலைக்குக் கூட்டிப்போனவரும் அவரே. அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"யாரு குரல் சார் அது?" என்றாள் மாடில்டா.

அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஒரு ஏஜென்ட் மூலமாக மெயிலில் வந்ததாம். பேட்ரிக்கின் பழைய ஒலிப்பதிவுகளை வைத்து மெஷினில் செய்த குரல், குடும்பத்தின் சம்மதம் வாங்கியாயிற்று என்று எழுதியிருந்தார்களாம். போன மாதம்தான் எல்லா ஃபைலும் வந்து சேர்ந்ததாம். மாடில்டாவுக்கு அது ஒரு சந்தோஷமான ஆச்சரியமாக இருக்கும் என்றுதான் வாயைத் திறக்கவில்லையாம்.

"நான் எந்தச் சம்மதமும் குடுக்கல."

சிவானந்தம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் ஒன்னு உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சுக்கா. கூட்டக் குரல் நாங்க கேக்கவே இல்ல, அதுவா சேந்து வந்துச்சு. அப்புறம் ஒரு ஃபைல்ல நடுவுல இருமல். இருமிட்டு, 'சாரி, மறுபடி எடுக்கிறேன்'னு சொல்லுது. நாங்க வெட்டிட்டோம்." கைக்குட்டையை மடித்தார். "மெஷின் இருமுமாக்கா?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, அது இதுதான். பிள்ளைகளைச் சிரிக்க வைக்க எடுத்த படத்திலிருந்து எட்டு வருஷத்துக்கு முன் போன ஆள் எழுந்து வந்து நிற்கிறான்.

மண்டபத்துக்குப் பக்கவாட்டில் கார் நிறுத்துகிற இடத்தில் மாடில்டா, நட்டாலி, காப்ரியல், பெர்னடெட் நால்வரும் நின்றார்கள். உள்ளே படத்தின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிவானந்தம் சொன்னதை மாடில்டா ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

முதலில் பேசியது பெர்னடெட். வேகமாகப் பேசினாள். இப்போதெல்லாம் மெஷின் இருமும், தும்மும், அழக்கூட அழும் என்றாள். கண்ணாடி விஷயமும் பெரிசில்லை, நட்டாலி போடாத படமா, போனைத் திறந்தால் ஊர் முழுக்க அவள் மூஞ்சிதானே என்றாள்.

"அத்தை, என் அக்கவுண்ட்ல ஃப்ரெண்ட்ஸ் மட்டுந்தான் பாக்க முடியும்," என்றாள் நட்டாலி.

பெர்னடெட் அதைக் காதில் வாங்கவில்லை. "மாடில்டா, நான் சொல்றதக் கேளு. மூனு ஓலையும் வாசிச்சாச்சு. யாரும் ஒன்னும் சொல்லல. நீயா வாயக் குடுத்து எதையும் கெடுத்துக்காத லா."

சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாக முணுமுணுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எப்போதும் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போகிறவள், இன்றைக்குத் தொடவில்லை.

நட்டாலி அழவில்லை. முகம்தான் வெளிறிப் போயிருந்தது. "அப்பா செத்துட்டாருன்னு நெனச்சப்போ எனக்கு அவர் மேல கோவமே வந்ததில்லம்மா. இப்ப வருது. உயிரோட இருந்துகிட்டே வரலன்னா என்ன அர்த்தம்?"

 மாடில்டா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தலைக்கு மேலாகக் காப்ரியலைப் பார்த்தாள்.

காப்ரியல் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு பேரும் இன்னும் ஒருத்தரை ஒருத்தர் நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

"ஒன்னுமே நடக்காத மாதிரி இருந்தாலும் யாருக்கும் தெரியப் போறதில்ல," என்றார். "முடிவு உங்களோடது. ஆனா மனசுல இத வெச்சுக்கிட்டு என்னால பீடத்துல நிக்க முடியாதுங்க. அவர் உயிரோட இருந்தா, நான் இன்னொருத்தர் பொண்டாட்டி கையப் பிடிக்கிறவன் ஆயிடுவேன்."

அவர் மேல் அவளுக்கு எரிச்சல் வந்தது. கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்? நான் பார்த்துக்கிறேன், நீங்க பேசாம இருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பழியை அவர் தலையில் போட்டுவிட்டுச் சனிக்கிழமை பட்டுச்சேலை கட்டியிருப்பாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆயர் கொடுத்த கடிதம் செல்லாது. கோர்ட் கடிதத்தையும் மறுபடி கிளறுவார்கள். திரும்பவும் விதவையும் இல்லை, வாழ்கிறவளும் இல்லை. காப்ரியல் இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பார்? சொல்லாவிட்டால், சனிக்கிழமைக்கு அப்புறம் கேட் திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வந்தது யார் என்று பயந்துகொண்டே சாக வேண்டும்.

நட்டாலியைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் மட்டும் கோயில் ஆபிஸுக்கு நடந்தாள். ஐம்பது அடி தூரம்தான். 

ஃபாதர் இல்லை. சுங்கை ஆயர் தாவார் என்கிற ஊரின் சிற்றாலயத்துக்குப் பூசை வைக்கப் போயிருக்கிறார், ஐந்து மணிக்கு வந்துவிடுவார் என்றார் ஜோனாஸ். ஆபிஸ் வேலைக்கு இந்த வருஷம்தான் செரண்டாவிலிருந்து வந்த பெரியவர். ஊரில் யாருக்கு யார் என்ன முறை என்பதெல்லாம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. கல்யாணப் பெண் என்று அடையாளம் தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். சனிக்கிழமைக் கல்யாணப் பூசையோடு வேறு ஏதாவது வேண்டுதல் கருத்து சேர்க்க வேண்டுமா, பார்த்துச் சொல்லுங்கள் என்று பூசைக் கருத்துப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கோப்பி கலக்கப் போனார்.

மேசை அகலத்துக்கு ஒரு தடித்த புத்தகம். இடப்பக்கம் உயிரோடு இருக்கிறவர்களுக்கான வேண்டுதல், வலப்பக்கம் இறந்தவர்களுக்கான ஆன்ம இளைப்பாற்றி. யார், யாருக்காக, எந்தத் தேதி என்று எழுதுகிற புத்தகம். மாடில்டா வருஷா வருஷம் நவம்பரில் வலப்பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவள். இடப்பக்கத்தைப் படித்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. அடுத்தவர் வேண்டுதல் நமக்கெதற்கு?

கை சும்மா இருக்க முடியாமல் புரட்டியது. சனிக்கிழமைப் பக்கம் வந்தது. இடப்பக்கத்தில் முதல் வரி அவளும் காப்ரியலும். அடுத்த வரியில் வேறொரு கையெழுத்து. சாய்ந்த, அழுத்தமான எழுத்து. அந்த எழுத்தில்தான் அவளுக்கு எட்டு வருஷமாகப் பிறந்தநாள் வாழ்த்து வந்திருக்கிறது.

"தம்பி பேட்ரிக், நல்லபடியாக வீடு வந்து சேர. கேட்டவர்: பெர்னடெட்." ஓரத்தில் சின்னதாக: "பூசையில் வாசிக்க வேண்டாம்."

மாடில்டா இரண்டு தரம் படித்தாள். அப்புறம் பக்கங்களைப் பின்னால் தள்ளினாள். போன நவம்பர். வலப்பக்கத்தில் அவள் எழுத்து: என் கணவர் பேட்ரிக், ஆன்ம இளைப்பாற்றிக்காக. அதற்கு நேர் எதிரே இடப்பக்கத்தில் அந்தச் சாய்ந்த எழுத்து: தம்பி பேட்ரிக், உடல் நலத்துக்காக. வாசிக்க வேண்டாம். அதற்கு முந்தின நவம்பர். அதற்கும் முந்தினது. ஒரே நாள், ஒரே பூசை, ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேரும் முழங்காலில் இருந்திருக்கிறார்கள். ஒருத்தி செத்தவனுக்காக அழுதிருக்கிறாள். இன்னொருத்தி அவள் முதுகைத் தடவிக்கொண்டே உயிரோடு இருப்பவனுக்காக வேண்டியிருக்கிறாள்.

எட்டு வருஷம் மாடில்டாவிடம் பொய் சொல்ல பெர்னடெட்டால் முடிந்திருக்கிறது. உயிரோடு இருக்கிற தம்பிக்கு இறந்தவர் பூசை கேட்க மட்டும் முடியவில்லை. சாமியிடம் பொய் சொல்ல அவளுக்குப் பயம்.

ஜோனாஸ் கோப்பியை மேசையில் வைத்தார். அவள் விரல் எந்த வரியில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

"ஆ, அதுவா. காலையில ஓலை வாசிச்சு முடிச்சதும் நேரா இங்கதான் வந்தாங்க அந்தம்மா. தம்பி ரொம்ப தூரத்துல இருந்து வர்றாராம். சனிக்கிழமை காலையில இங்க இருப்பாராம்." சர்க்கரையைக் கலக்கியபடி அன்பாகக் கேட்டார். "உங்க கல்யாணத்துக்குத்தான் வர்றாராம்மா?"